கிராபிக்ஸ் கார்டு லினக்ஸ் கெர்னலில் பதிவாகவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

திரை கறுப்பாகவே நிற்கிறது. அல்லது திரை வருகிறது, ஆனால் ஒரு வீடியோவைப் போட்டால் சிபியு கொதிக்கிறது. இந்தப் புகாரோடு என்னிடம் வரும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் யாராவது ஏற்கெனவே டிரைவரை அழித்து மறுபடி நிறுவியிருப்பார்கள். சிலர் ஓஎஸ்ஸையே மாற்றிப் போட்டிருப்பார்கள். எந்தப் படியில் அறுந்தது என்று பார்க்காமல் இதைச் செய்தால் பழைய கோளாறு அப்படியே இருக்க, புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

படிகள் இவைதான். கார்டு பஸ்ஸில் (கணினியின் பாகங்களை இணைக்கும் பாதையில்) தெரிய வேண்டும். ஒரு டிரைவர் அதைப் பிடிக்க வேண்டும். அந்த டிரைவரின் புரோப், அதாவது கார்டைச் சோதித்துத் தயார்செய்யும் வேலை, முடிய வேண்டும். லினக்ஸின் மையமான கெர்னலில், கிராபிக்ஸைக் கவனிக்கும் டிஆர்எம் பகுதியில் கார்டு பதிவாக வேண்டும். /டெவ்/டிஆர்ஐ அடைவில் அதற்கான கோப்பு தோன்ற வேண்டும். கடைசியாக, அதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இருக்க வேண்டும். இந்த வரிசை மாறாது. அதனால் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் மூன்று பார்வை

முதலில், பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். பட்டியலில் 0300 (விஜிஏ), 0302 (3டி), 0380 (டிஸ்ப்ளே) ஆகிய வகை எண்களில் ஒன்று உள்ள வரிதான் உங்கள் கார்டு. பக்கத்தில் தயாரிப்பாளர் எண் இருக்கும்: 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10டிஇ என்றால் என்விடியா. அதற்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இரண்டாவது, /டெவ்/டிஆர்ஐ அடைவில் என்ன இருக்கிறது? கார்டு0, ரெண்டர்டி128 போன்ற பெயர்கள் வர வேண்டும்.

மூன்றாவது, கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டில் 'டிஆர்எம்' என்று தேடுங்கள். 'இனிஷியலைஸ்டு' என்று தொடங்கி, டிரைவர் பெயர் சொல்லி, 'ஆன் மைனர் 0' என்று முடியும் வரி ஒன்று இருக்கும். பதிவு நடந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. வரி இருந்தால் நேராக 6-ஆவது அறிகுறிக்குப் போகலாம். இல்லையென்றால் முதலிலிருந்து வாருங்கள்.

அறிகுறி 1: எல்எஸ்பிசிஐ பட்டியலிலேயே கார்டு இல்லை

இந்த நிலையில் டிரைவரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கெர்னலுக்குக் கார்டு இருப்பதே தெரியவில்லை.

காசு செலவில்லாத சோதனை முதலில். பயாஸ் அமைப்பில் தனிக் கார்டு அணைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். லேப்டாப்பாக இருந்தால், பேட்டரி சேமிப்புக்காகத் தனிக் கார்டை முழுதாக அணைக்கும் வசதி பல மாடல்களில் உண்டு. விண்டோஸில் இருந்தபோது அதை அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள். அப்புறம் /சிஸ்/பஸ்/பிசிஐ/ரீஸ்கேன் கோப்பில் ரூட் அனுமதியோடு 1 என்று எழுதிப் பாருங்கள். கெர்னல் பஸ்ஸை மறுபடி தேடும்.

டெஸ்க்டாப்பில் மின்சாரத்தை முழுதாகத் துண்டித்து, கார்டைக் கழற்றி, மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். பக்கவாட்டு மின் இணைப்பு கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்தால் வேறு ஸ்லாட், அதன் பிறகு வேறு கணினி.

கார்டு பட்டியலில் இருக்கிறது, ஆனால் வரியின் முடிவில் 'ரெவ் எஃப்எஃப்' என்று வருகிறது என்றால் அதையும் இந்த அறிகுறியில் சேருங்கள். கெர்னல் படிக்கும்போது கார்டிலிருந்து பதிலே வரவில்லை என்று பொருள். லேப்டாப்பில் தூக்கத்திலிருந்து எழுந்த பிறகு மட்டும் இப்படி வந்தால் மின் மேலாண்மைக் கோளாறாக இருக்கலாம், பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். வேலைப்பளு ஏறும்போது வந்தால் எஸ்எம்பிஎஸ் அல்லது கார்டு.

நிபுணரை அழைக்கும் இடம்: வேறு கணினியிலும் கார்டு தெரியவில்லை, அல்லது லேப்டாப்பின் மதர்போர்டில் பதித்த சிப்பே தெரியவில்லை. கார்டை அடுப்பில் வைத்துச் சூடாக்கும் வீடியோக்களை நம்பாதீர்கள். நன்றாக இருக்கும் பாகங்களும் அதில் போய்விடும்.

அறிகுறி 2: கார்டு தெரிகிறது, 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' வரி இல்லை

என் கைக்கு அதிகம் வருவது இதுதான். காரணங்களும் அநேகமாக எளியவை.

*நோமோட்செட் ஒட்டிக்கொண்டிருக்கிறதா?* பூட்டின்போது கெர்னலுக்குக் கொடுத்த சொற்கள் /புரோக்/சிஎம்டிலைன் கோப்பில் இருக்கும், திறந்து பாருங்கள். நிறுவும்போது திரை வரவில்லை என்று யாரோ சொல்லி, கிராபிக்ஸ் டிரைவர்களை ஒதுக்கிவைக்கும் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்திருப்பார்கள். நிறுவி முடிந்ததும் அது கிரப் (கெர்னலைத் தொடங்கிவைக்கும் நிரல்) அமைப்பில் நிரந்தரமாகத் தங்கியிருக்கும். அந்தச் சொல் இருக்கும்வரை ஐ915 (இன்டெல்), ஏஎம்டிஜிபியு (ஏஎம்டி), நூவோ (என்விடியா கார்டுகளுக்கான திறந்த டிரைவர்) எதுவும் கார்டைப் பிடிக்காது. கையால் மாட்புரோப் செய்து டிரைவரை ஏற்றினாலும் பயனில்லை, கார்டு அங்கேயே இருந்தாலும்: சில டிரைவர்கள் பிழைச் செய்தி தரும், சில சத்தமில்லாமல் சும்மா இருக்கும். இதைப் பார்த்துக் கார்டு செத்துவிட்டது என்று முடிவு செய்து புதிது வாங்கியவர்கள் உண்டு. /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, டெபியன், உபுண்டு என்றால் அப்டேட்-கிரப் ஓட்டி, மறுதொடக்கம் செய்யுங்கள். நோமோட்செட் என்பது திரையை ஒருமுறை வரவைத்துக் கோளாறைப் பார்ப்பதற்கான வழி. அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

*டிரைவர் தடைப்பட்டியலில் இருக்கிறதா?* /இடிசி/மாட்புரோப்.டி, /லிப்/மாட்புரோப்.டி இரண்டிலும் 'பிளாக்லிஸ்ட்' என்று தேடுங்கள். என்விடியாவின் சொந்த டிரைவரை நிறுவும்போது நூவோவைத் தடுக்கும் கோப்பு ஒன்று எழுதப்படும். பின்னால் அந்த டிரைவரை நீக்கினாலும் தடைக் கோப்பு சில சமயம் தங்கிவிடும். அப்போது இரண்டு டிரைவரும் கிடையாது. கோப்பை நீக்கிய பிறகு இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய தடை அதற்குள்ளிருந்து தொடரும். டெபியன் வகையில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு, ஃபெடோராவில் டிராகட் -எஃப்.

*கெர்னல் புதுப்பித்த மறுநாளிலிருந்து இல்லையா?* கெர்னலோடு வராத வெளி டிரைவர் என்றால், அதை ஒவ்வொரு கெர்னலுக்கும் தொகுத்துத் தரும் டிகேஎம்எஸ் கருவியில் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பாருங்கள். புதிய கெர்னலுக்கான ஹெடர் பொதி இல்லாததால் தொகுப்பு நடக்காமல் போயிருக்கும். ஹெடர்களை நிறுவி டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் கொடுத்தால் போதும்.

*செக்யூர் பூட் மறுக்கிறதா?* மாட்புரோப் செய்யும்போது 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால், தொகுத்த டிரைவரில் கெர்னல் நம்பும் கையொப்பம் இல்லை. செக்யூர் பூட் இயங்குகிறதா என்பதை மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட் சொல்லும். செக்யூர் பூட்டை அணைப்பது குறுக்கு வழி. அலுவலகக் கணினியில் அதைச் செய்யாதீர்கள். மோக்யூட்டில் --இம்போர்ட் மூலம் சாவியைச் சேர்த்து, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் ஒப்புதல் கொடுங்கள். அந்தத் திரை சில நொடிகள்தான் நிற்கும், தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

*கார்டு கெர்னலைவிடப் புதியதா?* இன்டெல் விஷயத்தில் கெர்னலே வெளிப்படையாகச் சொல்லிவிடும்: இந்தச் சாதனத்துக்கு இந்தப் பதிப்பில் முழு ஆதரவு இல்லை, வேண்டுமானால் ஐ915.ஃபோர்ஸ்_புரோப் கொடுத்துப் பார் என்று. சோதனைக்காக ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்குப் புதிய கெர்னலுக்கு மாறுவதே சரி.

*கையால் ஏற்றினால் வேலை செய்கிறது, தானாக ஏறவில்லையா?* /சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ் அடைவில் உங்கள் கார்டின் முகவரிக்குள் மோட்அலியாஸ் என்ற கோப்பு இருக்கும். மாட்இன்ஃபோ காட்டும் 'அலியாஸ்' வரிகளில் ஒன்று அதோடு பொருந்த வேண்டும். பொருந்தும் வரி இருந்தும் ஏறவில்லையென்றால் டெப்மாட் -ஏ ஓட்டுங்கள். வரியே இல்லையென்றால் டிரைவரை எழுதியவர் மாட்யூல்_டிவைஸ்_டேபிளை விட்டிருக்கிறார்.

அறிகுறி 3: வேறொரு டிரைவர் கார்டைப் பிடித்திருக்கிறது

'இன் யூஸ்' வரியில் விஎஃப்ஐஓ-பிசிஐ என்று இருந்தால், கார்டு மெய்நிகர் கணினிக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. கெர்னல் கட்டளை வரியிலோ மாட்புரோப்.டி-யிலோ விஎஃப்ஐஓ-பிசிஐ.ஐடிஸ் என்ற அமைப்பைத் தேடி எடுங்கள். அமைப்புக் கோப்புகளில் எதுவும் இல்லையென்றால், சிஸ்எஃப்எஸ்ஸில் (/சிஸ் அடைவில்) அந்தக் கார்டின் டிரைவர்_ஓவர்ரைடு கோப்பையும் பாருங்கள். ஏதாவது ஸ்கிரிப்ட் அதில் எழுதியிருக்கலாம்.

அறிகுறி 4: டிரைவர் ஏறுகிறது, ஆனால் புரோப் தோற்கிறது

டிமெசேஜில் 'புரோப்', 'ஃபெயில்டு வித் எரர்', பக்கத்தில் ஒரு கழித்தல் எண். அந்த எண்ணைப் பாருங்கள், அதற்கு மேலே உள்ள பத்திருபது வரிகளையும் படியுங்கள். கடைசி வரி தோற்றதை மட்டும் சொல்லும், காரணம் மேலேதான் இருக்கும்.

*-2:* கோப்பு இல்லை. கிராபிக்ஸில் இது கிட்டத்தட்ட எப்போதும் ஃபர்ம்வேர்தான், அதாவது டிரைவர் கார்டுக்குள் ஏற்றும் நிரல் கோப்பு. 'டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ஃபார் ஏஎம்டிஜிபியு/...' என்ற வரியில் எந்தக் கோப்பு என்று பெயரோடு இருக்கும். ஏஎம்டி கார்டுகளுக்கு ஃபர்ம்வேர் இல்லாமல் எதுவும் நடக்காது. சில சமயம் மேலே -2 இருக்கும், கடைசி வரியில் -22 என்று முடியும், குழம்ப வேண்டாம். டெபியனில் ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராபிக்ஸ் பொதி வேண்டும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் வட்டிலேயே ஃபர்ம்வேர் சேர்ந்து வருகிறது. அதற்கு முந்தைய பதிப்பிலிருந்து மேம்படுத்தி வந்த கணினிகளில் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் களஞ்சியத்தை நீங்களே சேர்க்க வேண்டும்.

பொதி இருக்கிறது, கோப்பும் /லிப்/ஃபர்ம்வேரில் கண்ணெதிரே இருக்கிறது, ஆனாலும் -2 என்றால்? கெர்னலைச் சொந்தமாகத் தொகுத்தவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. டிரைவரை மாட்யூலாக வைக்காமல் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட்டால், அது ஓடும் நேரத்தில் வட்டு இன்னும் மவுண்ட் ஆகியிருக்காது. கோப்பை எங்கிருந்து எடுக்கும்? டிரைவரை மாட்யூலாக்குங்கள், அல்லது கான்ஃபிக்_எக்ஸ்ட்ரா_ஃபர்ம்வேரில் கோப்பின் பெயரைக் கொடுங்கள். டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருந்து ஃபர்ம்வேர் அதில் இல்லாவிட்டாலும் இதே கதைதான்.

*-16, -12, -28:* நினைவக முகவரி இடம் தொடர்பானவை. மேலே 'பார் 0', 'நோ ஸ்பேஸ்', 'கான்ட் ரிசர்வ்' போன்ற சொற்கள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பயாஸில் 'அபவ் 4ஜி டிகோடிங்' வசதியை இயக்குங்கள். பழைய மதர்போர்டில் புதிய கார்டைச் செருகியவர்களுக்கு இது வரும். அந்த வசதி இல்லாத போர்டில் பிசிஐ=ரீஅலாக் என்று கெர்னல் வரியில் சேர்த்துப் பார்க்கலாம், பலிப்பது போர்டைப் பொறுத்தது.

*-110:* கேட்டதற்குக் கார்டு உரிய நேரத்தில் பதில் தரவில்லை. மின்சாரத்தை முழுதாகத் துண்டித்து ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். வெறும் ரீபூட்டில் பழைய நிலை கலையாமல் இருக்கும் கார்டுகள் உண்டு.

நிபுணரை அழைக்கும் இடம்: ஃபர்ம்வேர் சரியாக இருக்கிறது, இரண்டு வேறு கெர்னல் பதிப்புகளிலும் -110 தொடர்கிறது என்றால் கார்டை விற்ற இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு பதிப்பில் வேலை செய்து அடுத்ததில் தோற்றால் அது கெர்னல் பிழை. அதற்குச் சர்வீஸ் கடைக்காரர் எதுவும் செய்ய முடியாது.

அறிகுறி 5: ஏஆர்எம் போர்டு, பிழைச் செய்தியும் இல்லை, பதிவும் இல்லை

பொறுமையைச் சோதிக்கும் அறிகுறி இது. டிமெசேஜ் சுத்தமாக இருக்கும். எல்லா டிரைவரும் ஏறியிருக்கும். /டெவ்/டிஆர்ஐ மட்டும் இருக்காது, அல்லது ரெண்டர் வேலைக்கான கார்டு மட்டும் வந்து, திரைக்கானது வந்திருக்காது.

முதலில் எளியதைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பையில் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பில் டிடிஓவர்லே=விசி4-கேஎம்எஸ்-வி3டி வரி இருக்க வேண்டும். புக்வோர்ம் பதிப்பு முதல் அந்தக் கோப்பு /பூட்/ஃபர்ம்வேர் அடைவில் இருக்கிறது. வேறு போர்டுகளில், போர்டின் வன்பொருள் பட்டியலான டிவைஸ் ட்ரீயைக் காட்டும் /புரோக்/டிவைஸ்-ட்ரீ அடைவில் அந்தச் சாதனத்தின் ஸ்டேட்டஸ் கோப்பைப் படியுங்கள். 'டிஸேபிள்டு' என்று இருந்தால் கெர்னல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஸ்டேட்டஸ் 'ஓகே' என்றால், /சிஸ்/கெர்னல்/டீபக்/டிவைசஸ்_டிஃபர்டு கோப்பைத் திறங்கள். அது ரூட்டுக்கு மட்டும் தெரியும். தனக்கு வேண்டிய இன்னொரு சாதனம் இன்னும் வரவில்லை என்றால் டிரைவர் -517 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். கெர்னலும் சத்தமில்லாமல் அதைக் காத்திருப்போர் வரிசையில் வைத்துவிடும். அந்த வரிசைதான் இந்தக் கோப்பு. 5.9-க்குப் பிந்தைய கெர்னல்களில் பல டிரைவர்கள் காரணத்தையும் பக்கத்தில் எழுதிவைக்கும்.

ஆர்கே3399 சிப் உள்ள போர்டு ஒன்றில் நடப்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். புகார்: எச்டிஎம்ஐ திரை வரவில்லை. எச்டிஎம்ஐ டிரைவர் ஏறியிருக்கிறது, கேபிள் நல்லது, மானிட்டர் நல்லது. டிவைசஸ்_டிஃபர்டு கோப்பில் எச்டிஎம்ஐ இல்லவே இல்லை. இருப்பது 'எடிபி-பேனல்' என்ற ஒரு வரி (எடிபி என்பது உள்திரைக்கான இணைப்பு), அதன் பக்கத்தில் பேக்லைட் சப்ளையர் தயாராகவில்லை என்ற குறிப்பு. உள்திரையின் பின்விளக்குக்கும் வெளியே செருகிய எச்டிஎம்ஐக்கும் என்ன தொடர்பு?

இந்தச் சிப்பில் திரைப் பகுதி முழுவதும் 'டிஸ்ப்ளே-சப்சிஸ்டம்' என்ற ஒரே சாதனமாகத்தான் டிஆர்எம்மில் பதிவாகிறது. அதன் உறுப்புகள் எல்லாம் வந்து சேரும்வரை பதிவு நடக்காது. இங்கே பேக்லைட்டுக்கான பிடபிள்யுஎம் டிரைவர் தொகுப்பில் விடுபட்டிருக்கிறது. அதனால் பேக்லைட் இல்லை, பேக்லைட் இல்லாததால் பேனல் இல்லை, பேனல் இல்லாததால் எடிபி தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே எச்டிஎம்ஐயும் சேர்த்து மொத்தமும் நின்றுபோகிறது. பிடபிள்யுஎம்_பிஎல் மாட்யூலைச் சேர்த்ததும் எல்லாம் ஒரே மூச்சில் பதிவாகிவிடும்.

இதை உறுதிசெய்ய இன்னொரு கோப்பு உண்டு: /சிஸ்/கெர்னல்/டீபக்/டிவைஸ்_காம்பனன்ட் அடைவில் டிஸ்ப்ளே-சப்சிஸ்டம். வந்து சேர்ந்த உறுப்புகளின் பெயர்கள் அதில் இருக்கும். வராத உறுப்பின் பெயர் இருக்காது, 'நாட் ரெஜிஸ்டர்டு' என்று மட்டும் வரும். அதனால் டிவைஸ் ட்ரீயில் உள்ள உறுப்புகளைத் தாளில் எழுதிவைத்து, வந்தவற்றை அடித்துக்கொண்டே வாருங்கள். மிஞ்சுவதுதான் குற்றவாளி. அவசரத்துக்கு உள்திரை தேவையில்லையென்றால், டிவைஸ் ட்ரீயில் எடிபியை 'டிஸேபிள்டு' ஆக்கினாலும் எச்டிஎம்ஐ வந்துவிடும்.

நிபுணரை அழைக்கும் இடம்: காத்திருப்பது ரெகுலேட்டருக்கோ கிளாக்குக்கோ என்றால், போர்டின் சுற்றுப்படம் இல்லாமல் டிவைஸ் ட்ரீயில் மின்னழுத்த எண்களை மாற்றாதீர்கள். தவறான எண் சிப்பைக் கருக்கிவிடும். போர்டு தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

அறிகுறி 6: கார்டு0 இல்லை, கார்டு1 இருக்கிறது

இது பெரும்பாலும் கோளாறே இல்லை. 5.14 கெர்னலில் வந்த சிம்பிள்டிஆர்எம், பயாஸ் கொடுத்த திரையை வைத்துக்கொண்டு முதலில் கார்டு0 ஆகப் பதிவாகும். அசல் டிரைவர் வந்து கார்டு1 ஆனதும் சிம்பிள்டிஆர்எம் விலகிவிடும். எண் திரும்பி வராது. இரண்டு கார்டு உள்ள கணினிகளிலும், திரைக்கு ஒன்றும் ரெண்டருக்கு ஒன்றுமாகப் பதிவாகும் ராஸ்பெர்ரி பை 4-இலும், எது முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

சரிசெய்ய வேண்டியது உங்கள் ஸ்கிரிப்டையும் அமைப்புக் கோப்பையும்தான். கார்டு0 என்று எழுதிய இடங்களில் /டெவ்/டிஆர்ஐ/பை-பாத் அடைவில் உள்ள பெயரைப் போடுங்கள். அது பிசிஐ முகவரியை வைத்து அமைந்தது, பூட்டுக்குப் பூட்டு மாறாது.

சிம்பிள்டிஆர்எம் மட்டும் இருந்து அசல் டிரைவர் வரவே இல்லையென்றால் திரை வரும், ஆனால் எல்லாம் மெதுவாக இருக்கும், ரெண்டர்டி128 இருக்காது. 2-ஆவது அறிகுறிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி 7: கோப்பு இருக்கிறது, 'பெர்மிஷன் டினைடு'

பதிவு சரியாக நடந்திருக்கிறது, கெர்னலை விட்டுவிடுங்கள். கார்டு கோப்புகள் வழக்கமாக வீடியோ குழுவுக்கும், ரெண்டர்டி கோப்புகள் ரெண்டர் குழுவுக்கும் சொந்தம். கணினி முன் உட்கார்ந்து உள்நுழைந்தவருக்கு அனுமதி தானாகக் கிடைக்கும். எஸ்எஸ்எச் வழியாக வந்தவருக்கும் பின்னணிச் சேவைகளுக்கும் கிடைக்காது. யூசர்மாட் -ஏஜி மூலம் ரெண்டர் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். 666 என்று சிஎச்மாட் செய்யாதீர்கள். அடுத்த பூட்டில் அது போய்விடும், அதுவரை எல்லோருக்கும் கதவு திறந்திருக்கும்.

டாக்கருக்குள் என்றால் --டிவைஸ் /டெவ்/டிஆர்ஐ கொடுத்தது போதாது. கன்டெய்னருக்குள் இருக்கும் ரெண்டர் குழுவின் எண்ணும் வெளியே உள்ள எண்ணும் வேறாக இருக்கலாம். --குரூப்-ஆட் விருப்பத்தில் வெளியே உள்ள எண்ணையே கொடுங்கள்.

அறிகுறி 8: நீங்களே எழுதிய டிரைவர், பதிவான உடனே அல்லது நீக்கும்போது விழுகிறது

*பதிவான கணமே ஊப்ஸ் (கெர்னல் பிழை அறிக்கை) வருகிறது:* டிஆர்எம்_டெவ்_ரெஜிஸ்டர் அழைப்பு புரோப்பின் கடைசியில் இருக்கிறதா? அது முடிவதற்குள்ளேயே யுடெவ்வோ டெஸ்க்டாப்போ கோப்பைத் திறந்துவிடலாம். அதற்குப் பிறகு நீங்கள் தயார்செய்யும் எதுவும் தாமதம்தான். உங்கள் கணினியில் விழாமல் வேகமான கணினியில் மட்டும் விழுந்தால் முதல் சந்தேகம் இங்கேயே இருக்கட்டும்.

*'கெனாட் கிரியேட் டூப்ளிகேட் ஃபைல்நேம்':* ஒரே பெயரில் இரண்டு சாதனங்கள். டிவைஸ் ட்ரீ உருவாக்கிய பிளாட்ஃபார்ம் சாதனத்தை உங்கள் குறிமுறையும் இன்னொரு முறை உருவாக்குகிறதா பாருங்கள். உண்மையிலேயே இரண்டு வேண்டுமென்றால் எண்ணைக் கெர்னலே கொடுக்கும்படி பிளாட்ஃபார்ம்_டெவ்ஐடி_ஆட்டோ போடுங்கள்.

*'டஸ் நாட் ஹாவ் எ ரிலீஸ் ஃபங்ஷன்':* எச்சரிக்கையை அமுக்க வெற்று ரிலீஸ் எழுதாதீர்கள். டிஆர்எம் சாதனத்துக்கு டெவ்எம்_டிஆர்எம்_டெவ்_அலாக் பயன்படுத்தினால் இந்தப் பிரச்சினையே எழாது.

*நீக்கிய சிறிது நேரம் கழித்து விழுகிறது:* ஏதோ ஒரு செயலி கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறது, நீங்களோ நினைவகத்தை விடுவித்துவிட்டீர்கள். சிஆர்டிசி, கனெக்டர் போன்றவற்றை டெவ்எம்_கேசட்அலாக்கில் ஒதுக்கினால் டிரைவர் பிரிந்ததும் அவை போய்விடும். டிஆர்எம்எம்_ வகை ஒதுக்கீடு கடைசிக் கோப்பு மூடப்படும்வரை அவற்றை வைத்திருக்கும். கழற்றக்கூடிய சாதனம் என்றால் டிஆர்எம்_டெவ்_அன்பிளக் அழைத்து, வன்பொருளைத் தொடும் இடங்களை டிஆர்எம்_டெவ்_என்டர், டிஆர்எம்_டெவ்_எக்ஸிட் இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். கேசான் (நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் வசதி) இயக்கிய கெர்னலில் ஓட்டினால் எந்த வரியில் என்று காட்டிக்கொடுக்கும்.

*ஆர்எம்மாட் 'இன் யூஸ்' என்கிறது:* கன்சோல் உங்கள் டிரைவர் மேல் உட்கார்ந்திருக்கிறது. /சிஸ்/கிளாஸ்/விடிகன்சோல்/விடிகான்1/பைண்ட் கோப்பில் 0 எழுதிவிட்டு முயலுங்கள்.

நிபுணரை அழைக்கும் இடம்: உங்கள் குறிமுறை சரி, டிஆர்எம் பகுதியிலேயே பிழை என்று தோன்றினால் கெட்_மெயின்டெய்னர்.பிஎல் ஸ்கிரிப்ட் யாரிடம் சொல்ல வேண்டும் என்று காட்டும். ஏஎம்டி, இன்டெல் டிரைவர்களின் பிழைகளை ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் கிட்லேபில் பதியலாம். பதியும்போது முழு டிமெசேஜ், எல்எஸ்பிசிஐ -என்என்கே வெளியீடு, கடைசியாக வேலை செய்த கெர்னல் பதிப்பு, முதலில் தோற்ற பதிப்பு ஆகிய நான்கையும் கொடுங்கள். டிமெசேஜில் உங்களுக்கு முக்கியமாகத் தெரியும் வரிகளை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள், பூட்டின் முதல் வரியிலிருந்து அப்படியே இணையுங்கள்.